ஆடைக்கு வந்த வாடை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் எங்களுக்கு இதோடு இன்னும் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது: ஆடையில் பாதி அலமாரி. எவ்வளவு வெண்மையாகத் துவைத்து, எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்து மடித்தாலும், வைக்கும் இடம் ஈரமாக இருந்தால் மறுநாள் சீருடையோடு வாடையும் வகுப்பறைக்கு வந்துவிடும்.

எங்கள் குமரி மாவட்டத்திற்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. வாழையும் தென்னையும் ரப்பரும் செழிப்பது இதனால்தான். அலமாரிக்குள் பூஞ்சை செழிப்பதும் இதனால்தான். ‘வாடை’ என்ற சொல்லுக்கு வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று என்றும் பொருள் உண்டு எனத் தமிழாசிரியை விளக்கியபோது, விடுதி மாணவியர் அனைவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு இரண்டு வாடையும் சேர்ந்தே வரும்.

விடுதியில் ஆறு மர அலமாரிகள் இருக்கின்றன. அயனிப் பலகையில் செய்தவை. எங்களுக்கு முன் எத்தனையோ அக்காமாரின் துணிகளைச் சுமந்தவை. சென்ற நவம்பரில் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி மதிய உணவுக்கு வரவில்லை. தேடிப் போனோம். துவைகல் அருகே நின்று, காலையில் உடுத்த சீருடையை மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தாளாம். வாயால் ஒன்றும் சொல்லவில்லையாம். “அக்கா, நான் தெனமும் குளிக்கத்தானே செய்யேன்?” என்று எங்களைக் கேட்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சீருடை எங்கே காயப் போகிறது?

குளியலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இந்த வாடை பூஞ்சை வெளியிடும் வாயுக்களால் வருவது. பூஞ்சையின் நுண்ணிய வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றைத் தடுக்க யாராலும் முடியாது. ஈரம் கிடைத்த இடத்தில் அவை முளைக்கின்றன. மரம், பருத்தி, தோல், காகிதம் எல்லாம் அவற்றுக்கு உணவு. துணிக்குப் போடும் கஞ்சி அவற்றுக்கு விருந்தே. (இதை அறிந்த பிறகு மழைக்காலத்தில் சீருடைக்குக் கஞ்சி போடுவதை நிறுத்திவிட்டோம். விறைப்பு குறைந்தது; யாரும் குறை சொல்லவில்லை.) 1928-இல் அலெக்சாந்தர் பிளெமிங்குக்குப் பென்சிலினைக் காட்டிக்கொடுத்த பூஞ்சையின் இனத்தவையும் ஈரமான வீடுகளில் வளர்வதுண்டு. மருந்து தந்த குலம் என்பதற்காகச் சீருடையில் இடம் கொடுக்க முடியுமா?

மறைக்கல்வி வகுப்பில் லேவியர் நூலைப் படித்தபோது வியப்படைந்தோம். அதன் 13, 14-ஆம் அதிகாரங்களில் துணியிலும் வீட்டுச் சுவரிலும் பச்சையாகவோ சிவப்பாகவோ படரும் கறைக்குச் சட்டமே இருக்கிறது. குரு வந்து பார்ப்பார். வீட்டை ஏழு நாள் பூட்டி வைப்பார். மறுபடி வந்து பார்க்கும்போது கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போட்டு, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும். கறை மேல் நறுமணத் தைலம் பூசச் சொல்லி அங்கே ஒரு வரியும் இல்லை!

நம்மிடையே உள்ள வழக்கமோ வேறு. வாடை வந்தால் பவுடர் தூவுகிறோம், சாம்பிராணி போடுகிறோம், பாச்சை உருண்டை வைக்கிறோம். பாச்சை உருண்டை பூச்சிகளை விரட்டும். பூஞ்சை வாடையைப் போக்காது. முன்பு ஒரு வாடை இருந்த இடத்தில் இப்போது இரண்டு இருக்கும். அதன் ஆவி உடலுக்கும் நல்லதன்று; மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் பூச்சிக்காக வைப்பவையே. வெட்டிவேர் எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அது ஈரம் போன பிறகு வைக்க வேண்டிய அலங்காரம்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் அந்த ஆறு அலமாரிகளையும் விற்றுவிட்டு இரும்பு அலமாரிகள் வாங்கலாம் என்று பேச்சு எழுந்தது. விலை மதிப்பிட ஆசாரிப் பாட்டாவை வார்டன் சிஸ்டர் அழைத்திருந்தார்கள். அவர் அலமாரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எங்களையும் கைகொடுக்கச் சொல்லி அதை முன்னால் இழுத்தார். பின்னால் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தார். “மக்ளே, வாடை அலமாரியில இல்ல, செவருலயாக்கும் இருக்கு” என்றார். பிறகு சிஸ்டரிடம், “இரும்பு வாங்குனாலும் இங்கதானே சிஸ்டரே வைப்பிய?” என்று கேட்டார். வெளியே சென்று பார்த்தால், மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் இணைப்பில் பிளந்திருந்தது. எத்தனை மழைக்காலத் தண்ணீரை அந்தச் சுவர் குடித்ததோ!

அலமாரிகளுக்கு ஒரு தவணை கிடைத்தது. குழாயைச் சரிசெய்தார்கள். உதிர்ந்த பூச்சைச் சுரண்டினார்கள். மற்ற வேலை எங்களுடையது.

சனிக்கிழமை காலை இழுப்பறைகளைக் கழற்றி, ஆறு அலமாரிகளையும் முற்றத்திற்குக் கொண்டுவந்தோம். மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டு பூஞ்சைத் தூளைத் துடைத்தோம். இளைப்பு நோய் உள்ள இரு தோழியரை அருகே விடவில்லை. வெள்ளை வினிகரில் துணியை நனைத்து உட்புறம் முழுவதும் தேய்த்து, ஒரு மணி நேரம் விட்டு, நீரில் பிழிந்த துணியால் துடைத்தோம். வினிகர் வாடை காய்ந்ததும் போய்விடும். பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் இன்னும் சுத்தமாகுமே என்று ஒருத்தி சொல்ல, அறிவியல் ஆசிரியை இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்புமாம்.

வெயிலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. உச்சி வெயிலில் மரத்தை விட்டால் பலகை வளையும், வெடிக்கும். எனவே காலை வெயிலில் வைத்து, பத்து மணிக்கு மேல் காற்றோட்டமான வராந்தாவுக்கு நகர்த்தினோம். இப்படி ஐந்து நாள். உட்புறப் பலகைகளுக்குப் பாலிஷே போட்டதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். பச்சை மரம் ஈரத்தையும் வாடையையும் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். பழைய செய்தித்தாள் விற்ற பணத்தில் உப்புத்தாளும் அரக்குப் பாலிஷும் வாங்கினோம். ஆசாரிப் பாட்டா தேய்க்கும் முறையைக் காட்டிக் கொடுத்தார். ஓர் அலமாரியின் மக்கிய பின்பலகையை மாற்றியும் தந்தார்.

எஞ்சியிருந்த வாடைக்குச் சிரட்டைக் கரி. தண்ணீர் வடிகட்டிகளில் இடும் கரியையும் சிரட்டையிலிருந்து செய்கிறார்கள். கரியிலுள்ள எண்ணற்ற நுண்துளைகள் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுப்படி அக்கா கொடுத்த கரியைச் சிறு பைகளில் கட்டித் தட்டுக்கு ஒன்றாக வைத்தோம். நீற்றாத சுண்ணாம்பு காற்றின் ஈரத்தை நன்றாக இழுக்கும் என்பது வேதியியல் பாடம். ஆனால் சிறு பிள்ளைகளின் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று வார்டன் சிஸ்டர் மறுத்துவிட்டார்கள். அது சரியே.

சுவர்தான் எங்கள் பொறுமையைச் சோதித்தது. அது உலர மார்ச் ஆகிவிட்டது. அதுவரை அலமாரிகள் வராந்தாவிலேயே நின்றன. ஒவ்வோர் இரவும் அவற்றை வெறுமையாக மூடி வைத்துக் காலையில் திறந்து பார்க்க, அந்த ஆறாம் வகுப்புத் தங்கையை நியமித்தோம். அவள் தலையை உள்ளே விட்டு, கண்களை மூடி, மூச்சை இழுத்துத் தீர்ப்புச் சொல்வாள். “மூணாம் நம்பர் இன்னும் தோக்குது அக்கா” என்பாள். அவள் ‘பாஸ்’ போடாத அலமாரியில் யாரும் துணி வைக்கக் கூடாது. வார்டன் சிஸ்டரே அவளைக் கேட்டுவிட்டுத்தான் சாவி கொடுத்தார்கள்.

இப்போது அலமாரிகள் சுவரைவிட்டு நான்கு விரற்கடை தள்ளி, காலடியில் செங்கல் துண்டுகளோடு நிற்கின்றன. துணிகளைத் திணிப்பதில்லை. அரைகுறையாகக் காய்ந்ததை உள்ளே வைப்பதில்லை. நனைந்த துணி 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது என்பதால், மழை நாளில் படிப்பறை மின்விசிறிகளுக்குக் கீழே கொடி கட்டிக்கொள்ள அனுமதி பெற்றிருக்கிறோம். மழை விட்ட பகலில் கதவுகளைத் திறந்து வைப்பது முறைவேலை.

இந்த ஜூன் மழையில் ஐந்து அலமாரிகள் தேறிவிட்டன. வடக்கு மூலையில் நிற்பது மட்டும் அடைமழையில் லேசாக வாடை அடிக்கிறது. அதில் துணி வைப்பதில்லை. எறிபந்து, இறகுப்பந்து மட்டைகள், ஸ்கிப்பிங் கயிறுகள் ஆகியவற்றை வைத்திருக்கிறோம். ஏழாம் வகுப்புக்குப் போய்விட்ட எங்கள் தங்கை அதற்கு இன்னும் ‘பாஸ்’ போடவில்லை.