வராந்தாவிலிருந்து பார்த்த பாரதம்

1989ஐச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நெய்வேலி டவுன்ஷிப் ரோடுகள் காலியாகக் கிடக்கும். ஷிப்ட்டுக்குப் போகிற சைக்கிள்கள் தவிர ஆள் நடமாட்டம் இருக்காது. எல்லாரும் தூர்தர்ஷனில் மகாபாரதம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தி. பலருக்குப் புரியாது. கதைதான் தெரியுமே.

எங்களுக்கு டி.வி. இல்லை. கரண்ட்டே இல்லை. குடிசை வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும், உள்ளே சிம்னி விளக்கு எரியும். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலி. அம்மா குவார்ட்டர்ஸில் இரண்டு வீடுகளுக்குப் பாத்திரம் தேய்த்தாள். அதில் ஒரு வீட்டில் டி.வி. இருந்தது. அம்மாவோடு போவேன். அவள் கொல்லைப்பக்கமாக உள்ளே போவாள். நான் முன்பக்க வராந்தாவில் உட்கார்ந்து ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஹாலில் பாய்மேல் உட்கார்ந்திருக்கும். உள்ளே வராதே என்று என்னை யாரும் சொன்னதில்லை, இதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வா என்றும் சொன்னதில்லை. பத்து வயசுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த வீட்டு சார் வடக்கே வேலை பார்த்தவர். நடக்க நடக்கத் தமிழில் சத்தமாகச் சொல்வார், வராந்தாவுக்கும் கேட்கும். ஏகலைவன் கட்டைவிரலை அறுத்துக் கொடுத்த வாரம், "பாத்தீங்களாடா, இதான் குருபக்தி" என்றார். ஈரத்துணியோடு சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்த அம்மா, திரும்பி வரும்போது கேட்டாள்: "ஏண்டா, சொல்லியே குடுக்காம வெரல மட்டும் கேட்டானே, அவன் எந்தூரு வாத்தியாரு?" பிற்பாடு ஏகலைவனைப் பற்றி எத்தனையோ கவிதை, கட்டுரை படித்துவிட்டேன். அம்மாவின் கேள்வியைத் தாண்டி அதிகம் போனதாகத் தெரியவில்லை.

அப்புறம் கர்ணன். அரங்கில் வில்லோடு வந்து நிற்பவனிடம், உன் குலம் என்ன, அப்பன் யார் என்று கேட்கிறார்கள். ஹாலே உச்சுக்கொட்டியது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை, நிஜமான அழுகை.

1990 ஜூன் 24இல் தொடர் முடிந்தது. ஆகஸ்ட் 7இல் வி.பி.சிங் மண்டல் குழு பரிந்துரையை அமல்படுத்துவதாக அறிவித்தார், பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையில் 27 சதவீதம். வடக்கே மேல்சாதி மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து ஷூ பாலிஷ் போட்டுப் போராடினார்கள். (ஷூ துடைப்பதுதான் உலகத்திலேயே பெரிய அவமானம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். நம் ஆட்களுக்கு அது பிழைப்பு.) அதே ஹாலில் சார் சொன்னார்: "தகுதியில்லாதவனெல்லாம் மேல வந்தா நாடு என்னாவறது?" கர்ணனுக்கு அழுத கண் அது.

இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குக் கர்ணன் டி.வி.யில் வந்தவன் இல்லை. சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் முன் எங்கள் பழைய ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு விடிய விடியத் தெருக்கூத்து நடக்குமாம். கர்ண மோட்சம் முழுக்க அவருக்கு மனப்பாடம், அத்தனையும் எல்லைக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டது. கோயில் வாசலை மிதித்ததில்லை. ஊரையே காலிசெய்தபோது கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் கட்டினார்கள். எல்லையையும் மறக்காமல் கூடவே எடுத்துப்போனார்கள். அப்பா பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அவன் குந்தி புள்ளன்னு மொதல்லயே தெரியும்டா. அதான் அழுவுறாங்க. நெசமாவே தேரோட்டி புள்ளயா இருந்து செத்திருந்தா எவன் அழுவான்?"

செவ்வாய்க்கிழமை ராத்திரி சென்னைத் தொலைக்காட்சி நாடகம் இன்னொரு ரகம். காமெடி என்றால் மயிலாப்பூர் பேச்சு. வேலைக்காரி வந்து 'இன்னாம்மே' என்று வாயைத் திறந்தாலே சிரிப்பு. ஹாலில் சிரித்து உருள்வார்கள். அதே வேலையைப் பின்கட்டில் அம்மா சிரிப்பில்லாமல் செய்துகொண்டிருப்பாள்.

இதெல்லாம் வெறும் கதைதானே என்று யாரும் சொல்ல வேண்டாம். கதை என்ன செய்யும் என்பது 1988இலேயே ஜலந்தர் துப்புரவுத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. இராமாயணத் தொடரைப் பட்டாபிஷேகத்தோடு முடிக்கப்போகிறார்கள் என்றதும், வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்ட அந்த மக்கள் உத்தரகாண்டத்தையும் எடு என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். வேறு ஊர்களுக்கும் பரவியது. குப்பை நாறியதும் அரசு இறங்கி வந்தது. தங்கள் பாட்டன் எழுதியதாக நம்புகிற கதையில் தங்களுக்கும் ஒரு இடம் கேட்டார்கள். அவர்கள் கேட்ட காண்டத்தில்தான், தவம் செய்த குற்றத்துக்காக இராமன் வெட்டிய சம்பூகன் தலையும் கிடக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கதையின் லாபத்தை வேறு ஆட்கள் அள்ளினார்கள். 1990 செப்டம்பரில் அத்வானி சோமநாதத்திலிருந்து கிளம்பிய ரதம், டி.வி. தேர் மாதிரியே ஜோடித்த டொயோட்டா வண்டி. 1991 தேர்தலில் சீதையாக நடித்த தீபிகா பரோடாவில் ஜெயித்தார், இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி சபர்காந்தாவில் ஜெயித்தார். இரண்டு பேரும் பா.ஜ.க. சீதையும் இராவணனும் ஒரே பெஞ்சில்! இராமனாக நடித்த அருண் கோவில் 2024இல் மீரட்டில் ஜெயித்தார். 2004இலிருந்து டி.வி. ஷோவில் முதலாளியாக உட்கார்ந்து ஆட்களை வேலையைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்த டிரம்ப் 2016இல் அதிபர் தேர்தலில் ஜெயித்தபோது அமெரிக்கப் படிப்பாளிகள் திகைத்துப்போனார்கள். நமக்கென்ன திகைப்பு?

2006இல் ஜெயித்து வந்த தி.மு.க. அரசு கொடுத்த இலவசக் கலர் டி.வி. எங்கள் தெருவுக்கும் வந்தது. அப்பா அதைப் பார்க்க இல்லை. அம்மா மெகா சீரியல் பார்க்க ஆரம்பித்தாள். மாமியார், நகை, பங்களா மாடிப்படி. "இத்தினி வூடு காட்றான், நம்ம வூடு மாதிரி ஒண்ணாவது வருதா பாரு" என்பாள். ஆனாலும் ஒருநாள் விடமாட்டாள்.

இப்போது அவள் என்னோடு இருக்கிறாள். டி.வி. ஹாலில்தான். சோபாவில் உட்காரச் சொன்னால் தரைதான் சௌகரியம் என்பாள். 2023 ஜூனில் ஒரு சாயங்காலம் செய்தி ஓடியது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித்துகள் உள்ளே போகக்கூடாது என்று தகராறு, அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

"என்ன கோயிலு?"

"திரௌபதி அம்மன் கோயில்மா."

கொஞ்சநேரம் பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டி.வி.ல அன்னிக்கி சபையில எப்பிடிக் கேள்வி கேட்டா அவ" என்றாள். பிறகு சீரியலுக்கு நேரமாகிவிட்டதென்று ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.