சமமான பந்தயம் என்பது எது? எடைச் சுமையும் வகுப்பு விதிகளும்

கிளப் அளவிலான கார் பந்தயத்தில் ஓடுபவருக்குப் பரிசுத்தொகை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. நுழைவுக் கட்டணம், டயர், பிரேக் பேட், பெட்ரோல், காரை ஏற்றிச் செல்லும் லாரி வாடகை எல்லாம் அவர் கையிலிருந்தே போகின்றன. வென்றால் ஒரு கோப்பை. தோற்றால் திங்கட்கிழமை காலை வழக்கம்போல அலுவலகம். இவ்வளவு சிறிய ஆட்டத்தில் விதிகளைப் பற்றிய சச்சரவும் சிறிதாகவே இருக்கும் என்று வெளியிலிருப்பவர் எண்ணக்கூடும். உண்மை நேர்மாறானது. தொழில்முறைப் பந்தயத்தில் தோல்வியின் செலவை ஏற்க நிறுவனம் இருக்கிறது. இங்கே தோற்பவர் தம் சேமிப்பையும், குடும்பத்துக்குத் தர வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகளையும் பணயம் வைத்தவர். தன் காருக்கு மட்டும் அநியாயமாக 40 கிலோ கூடுதல் எடை விதிக்கப்பட்டதாக அவர் நம்பினால், சண்டையிடுவதைக் காட்டிலும் மோசமான ஒன்றைச் செய்கிறார்: காரை விற்றுவிட்டு வராமலே இருந்துவிடுகிறார். அமெச்சூர் பந்தயங்கள் அழிவது பெரும்பாலும் இப்படித்தான், ஓசையின்றி.

வகுப்பு விதிகளின் தேவை எளிதில் விளங்கும். பத்துப் பேர் பத்து விதமான காருடன் வருகிறார்கள். ஒன்று 1,300 சிசி, மற்றொன்று 1,600 சிசி. ஒன்று முன்சக்கர இயக்கம், இன்னொன்று பின்சக்கர இயக்கம். இவற்றை ஒரே களத்தில் விட்டால் கொடி அசைவதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும். பழைய அளவுகோல் எஞ்சினின் கொள்ளளவு ஒன்றுதான். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் ஓடிய காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரே கொள்ளளவில் ஒரு நிறுவனத்தின் எஞ்சின் 85 குதிரைத்திறனும் இன்னொன்றினுடையது 110 குதிரைத்திறனும் தரத் தொடங்கியபோது அந்த அளவுகோல் பொய்த்தது. அப்போது கைக்கு எட்டிய கருவி எடை. வேகமான காரின் தரையில் ஈயத் தகடுகளைப் போல்ட்டால் இறுக்கிவிட்டால் போதும். எஞ்சினைத் திறக்க வேண்டாம், புதிய பாகம் வாங்க வேண்டாம். சோதிக்க ஒரு எடைமேடை போதும். இவ்வளவு மலிவான, வெளிப்படையான சமன்படுத்தும் வழி வேறில்லை.

ஆயினும் 'சமன்' என்ற சொல்லுக்குள் குறைந்தது மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. இயந்திரங்களைச் சமன் செய்வது ஒன்று. செலவைச் சமன் செய்வது மற்றொன்று. முடிவையே சமன் செய்வது மூன்றாவது. கிளப் கூட்டங்களில் நடக்கும் பெரும்பாலான வாக்குவாதங்கள், ஒருவர் முதற்பொருளிலும் மற்றவர் மூன்றாம் பொருளிலும் அதே சொல்லைப் பயன்படுத்துவதால் எழுபவை.

மூன்றாம் பொருளின் தாயகம் குதிரைப் பந்தயம். 1855இல் இங்கிலாந்தின் ஜாக்கி கிளப் அட்மிரல் ஹென்றி ரவுஸ் என்பவரை எடை நிர்ணயிக்கும் பொறுப்பில் அமர்த்தியது. குதிரையின் வயதுக்கேற்ப அது சுமக்க வேண்டிய எடையை வகுத்த அட்டவணை அவர் பெயரோடு இணைந்து வழங்குகிறது. ஹேண்டிகேப் பந்தயத்தின் இலட்சியம், எல்லாக் குதிரைகளும் எல்லைக்கோட்டை ஒருசேரத் தொட வேண்டும் என்பது. கிண்டியிலும் மகாலட்சுமியிலும் சேணத்தின் கீழ் செருகப்படும் ஈயத்தின் நோக்கம் இதுவே. பந்தயம் கட்டுபவருக்கு ஐயம் இருந்தால்தான் ஆட்டம் நடக்கும். எனவே நல்ல குதிரையைத் தண்டிப்பது அங்கே முறையானது. குதிரையும் இதற்காக மனம் வருந்துவதில்லை. கார் ஓட்டுபவர் வருந்துவார். பிரேக்கை இரண்டு மீட்டர் தாமதமாக மிதிக்க அவர் மூன்றாண்டு பழகியிருக்கிறார். அந்தத் திறமைக்கு எதிராக ஈயம் வைத்தால், அவர் கற்றதையே அவரிடமிருந்து பறிப்பதாகும்.

முதற்பொருளில் சமன் தேடுபவர்களின் வழி சூத்திர வழி. 1944இல் தொடங்கப்பட்ட அமெரிக்க விளையாட்டுக் கார் சங்கமான எஸ்சிசிஏ, கிளப் பந்தயத்துக்கான விதிநூலைப் பல பத்தாண்டுகளாக வளர்த்துவந்திருக்கிறது. அதன் பல வகுப்புகளில் ஒவ்வொரு கார் மாதிரிக்கும் குறைந்தபட்ச எடை தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். அடிப்படைத் தருக்கத்தை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஒரு வகுப்புக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு 8 கிலோ என்று விகிதம் வகுத்தால், 140 குதிரைத்திறன் கொண்ட கார் 1,120 கிலோவும் 115 குதிரைத்திறன் கொண்ட கார் 920 கிலோவும் இருக்க வேண்டும். யார் ஓட்டுகிறார், போன வாரம் யார் வென்றார் என்ற கேள்விகளுக்கு இதில் இடமில்லை. சூத்திரம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. காகிதமும் பேனாவும் உள்ள எவரும் சரிபார்க்கலாம்.

இதிலும் சிக்கல் உண்டு. எடையைச் சேர்ப்பது எளிது, குறைப்பது கடினம். மேற்சொன்ன இரண்டாவது காரின் இருக்கை, தரைவிரிப்பு, கதவுப் பலகை அனைத்தையும் கழற்றி, பாதுகாப்புக் கூண்டைப் பொருத்தி, ஓட்டுநரை அமர்த்திய பின் எடைமேடை 965 காட்டினால், மீதி 45 கிலோவை எங்கே தேடுவது? விதி அனுமதித்தால் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட், எஃகுக்குப் பதில் கார்பன் இழை என்று பணத்தை உருக்கி எடையைக் குறைக்கலாம். விதி அனுமதிக்காவிட்டால் அந்தக் கார் பிறவியிலேயே தோற்றது. 'குறைந்தபட்ச எடை' என்பது எட்டக்கூடியதாக இல்லாவிடில் அது வெறும் காகித எண். சூத்திரம் எழுதுபவர் மெல்லிய காரை இன்னும் மெலியச் சொல்வதைவிட, வகுப்பின் விகிதத்தையே உயர்த்திக் கனமான கார்களின் மேல் ஈயம் ஏற்றுவது செலவுச் சமநிலைக்கு உகந்தது. இரண்டாம் பொருளில் உள்ள சமன் இங்கேதான் முதற்பொருளைத் தொடுகிறது.

அடுத்தது இயற்பியல். 1,000 கிலோ காரில் 50 கிலோ சேர்த்தால் அதே விசைக்கு முடுக்கம் ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். வளைவில் டயர் கூடுதல் பாரம் சுமக்கும். பிரேக் கூடுதல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டும். பந்தயத்தின் பிற்பாதியில் டயர் முன்னதாகவே தளரும். ஆனால் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் உச்சவேகத்தைத் தீர்மானிப்பவை எஞ்சினின் திறனும் காற்றின் எதிர்ப்புமே; எடைக்கு அங்கே பங்கு மிகக் குறைவு. ஆகவே ஒரே 50 கிலோ எல்லாத் தடத்திலும் ஒரே தண்டனை ஆகாது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நேர்ப்பாதை கொண்ட கிரேட்டர் நொய்டாவின் புத் தடத்தில் திறன் மிகுந்த கனமான கார் மூச்சுவிடும். குறுகிய, நெளிவு மிகுந்த கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயில் அதே கார் திணறும். ஒரு தடத்தின் நேரங்களை வைத்து எழுதிய எடை இன்னொரு தடத்தில் அநீதியாக மாறும்.

ஈயத்தை வைக்கும் இடமும் கணக்கில் சேரும். வலப்புறம் ஓட்டுநர் அமரும் காரில் இடப்பக்கத் தரையோடு ஒட்டித் தகடுகளைப் பொருத்தினால் புவியீர்ப்பு மையம் தாழும்; இட வலச் சமநிலையும் சீராகும். கெட்டிக்கார மெக்கானிக்கின் கையில் தண்டனையில் ஒரு பகுதி உதவியாக மாறிவிடுகிறது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் தகடுகளை எந்த அளவுப் போல்ட்டால், எத்தனை இடத்தில், எந்த உலோகப் பகுதியோடு இறுக்க வேண்டும் என்பதை விதி ஐயமறச் சொல்ல வேண்டும். விபத்தில் கழன்ற 20 கிலோ ஈயம் ஓட்டுநரின் உயிருக்கே உலை வைக்கும்.

வெற்றிக்கேற்ப எடை ஏற்றும் மூன்றாவது வழியைப் பெரிய பந்தயங்கள் சோதித்துப் பார்த்துவிட்டன. பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் முன்னணியில் இருப்பவர் அடுத்த பந்தயத்துக்குக் கூடுதல் எடை சுமக்கும் முறை நெடுநாள் இருந்தது. 2022இல் ஹைப்ரிட் எஞ்சின்கள் வந்தபோது அது கைவிடப்பட்டு, முன்னணியாளருக்கு மின்விசை உந்துதலைக் குறைக்கும் முறை வந்தது. ஜெர்மனியின் டிடிஎம் தொடரிலும் செயல்திறனுக்கேற்ற எடை முறை இருந்தது. யார் எப்போது கனமாவது, யார் எப்போது இலேசாவது என்பதே அங்கு உத்தியாகிவிட, ஓடும் பருவத்தின் இடையிலேயே, 2017இன் இறுதிச் சுற்றுக்கு முன்பு, அம்முறை நீக்கப்பட்டது. தொலைக்காட்சிக்காக நடக்கும் பந்தயத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டு: பார்வையாளருக்கு நெருக்கமான போட்டி வேண்டும். கிளப் பந்தயத்தில் பார்வையாளர் என்று இருப்பவர் பெரும்பாலும் ஓட்டுநரின் குடும்பத்தாரே. அவர்களுக்காகத் திறமையை மழுங்கடிக்கத் தேவையில்லை.

இம்முறையின் ஆழமான கேடு வேறு. வேகம் தண்டிக்கப்படும் இடத்தில் மெதுவாக ஓடுவது அறிவாகிறது. எடை நிர்ணயிக்கும் குழு பார்க்கும் நாளில் அரைவினாடி விட்டுக்கொடுத்து, பின்னர் முக்கியமான நாளில் முழுவேகம் காட்டும் வழக்கம் உலகெங்கும் உண்டு. 2016ஆம் ஆண்டு லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில், தகுதிச் சுற்று முடிந்த பின்னர் ஜிடி வகுப்புக் கார்களின் சமன்பாட்டை அமைப்பாளர்கள் மாற்றியமைக்க நேர்ந்தது. நுண்கருவிகளும் பொறியாளர் படையும் உள்ள அவர்களுக்கே இந்நிலை என்றால், ஒரு ஸ்டாப்வாட்சும் நான்கு தன்னார்வலரும் உள்ள கிளப் குழு என்ன செய்யும்? மேலும் அந்த நால்வரும் பெரும்பாலும் அதே பந்தயத்தில் ஓடுபவர்கள். அல்லது ஓடுபவரின் நண்பர்கள். அவர்கள் நேர்மையாளர்களாகவே இருக்கலாம். ஆயினும் தன் எதிராளியின் எடையைத் தானே எழுதும் அதிகாரம் எந்த நேர்மையாளரையும் ஐயத்துக்குரியவர் ஆக்கிவிடும்.

இந்தத் தலைவலி முழுவதையும் தவிர்க்க ஒரு பழைய வழி உண்டு: எல்லாருக்கும் ஒரே கார். 1960களில் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினையும் பாகங்களையும் கொண்டு அமெரிக்காவில் வளர்ந்த ஃபார்முலா வீ அப்படிப்பட்டது. இந்தியாவில் 1980களின் இறுதியில் எஸ். கரிவர்தன் மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைக் கார்களை உருவாக்கி, ஃபார்முலா மாருதியை நனவாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவைத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தெருமூலை மெக்கானிக்குக்கும் தெரிந்த எஞ்சின், எங்கும் கிடைக்கும் உதிரி பாகம், அனைவருக்கும் ஒரே இயந்திரம். இந்த நாட்டில் நடுத்தர வருவாய்க் குடும்பத்து இளைஞர்கள் பந்தயத்துக்குள் நுழையத் திறந்த கதவுகளில் அது முதன்மையானது. அதன் வழித்தோன்றலாக, ஸ்விஃப்ட் எஞ்சின் கொண்ட எல்ஜிபி ஃபார்முலா 4 போன்றவை வந்தன.

ஒரே கார் என்றாலும் சண்டை முற்றிலும் ஓய்வதில்லை. அமெரிக்காவில் பெரும் எண்ணிக்கையில் ஓடும் ஸ்பெக் மியாட்டா வகுப்பில் எல்லாம் மாஸ்டா மியாட்டாவே. ஆனால் 1990களின் தொடக்கத்து 1.6 லிட்டர் காரும் பின்னாளைய 1.8 லிட்டர் காரும் ஒன்றல்ல. ஆகவே அங்கும் வெவ்வேறு எடை, காற்று நுழைவைக் குறுக்கும் தகடு என்று சமன்பாடு நுழைந்தது. 2014இல் லகுனா சேக்காவில் நடந்த தேசிய இறுதிப் பந்தயத்தில், சிலிண்டர் ஹெட்டில் விதி அனுமதிக்காத இழைப்பு வேலை இருந்ததாக முன்வரிசையில் முடித்த பலர் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். மில்லிமீட்டரின் பின்னத்தில் இருந்தது வழக்கு. எடைமேடை பொய் சொல்லாது. எஞ்சினின் உட்புறம் திறந்து பார்க்கும்வரை உண்மை சொல்லாது. ஆள் குறைந்த கிளப்புகளில் விதியின் வலிமை, சோதிக்க முடிந்த அளவே.

ஓட்டுநரின் உடல் எடையும் மறக்கப்படக் கூடாதது. 58 கிலோ உள்ளவரும் 96 கிலோ உள்ளவரும் ஒரே காரில் ஓடினால் 38 கிலோ வேறுபாடு, யாரும் விதிக்காத ஒரு தண்டனையாக நிற்கிறது. காரை மட்டும் எடைபோடும் விதி, உயரமானவரைப் பட்டினி கிடக்கச் செய்யும். ஃபார்முலா 1 கூட 2019இல் ஓட்டுநருக்கும் இருக்கைக்கும் சேர்த்து 80 கிலோ என்று தனிக் கணக்கு வகுத்தது அதனாலேயே. பந்தயம் முடிந்து, ஓட்டுநர் காரிலிருந்து இறங்குமுன், இருவரையும் சேர்த்து எடைமேடையில் ஏற்றுவதே எளிமையும் நியாயமும் ஆன வழி.

நல்ல வகுப்பு விதிக்கு வேண்டியவை சிலவே. எடை இயந்திரத்தின் தன்மையிலிருந்து கணிக்கப்பட வேண்டும். சென்ற வாரத்து வெற்றியாளரின் பெயரிலிருந்து அன்று. சூத்திரமும் அதில் இட்ட எண்களும் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். பருவம் தொடங்கிய பின் மாற்றம் கூடாது. அப்பட்டமான பிழை தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு, அதுவும் காரணத்தை எழுதி வைத்து. எழுதுபவர் அந்த வகுப்பில் ஓடாதவராக இருக்க வேண்டும். குறை சொல்பவருக்கு எழுத்தில் பதில் கிடைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை.

இவ்வளவு செய்தாலும் முழுச்சமன் கிட்டாது. ஒருவரிடம் புதிய டயர் இருக்கும். இன்னொருவர் மூன்று பந்தயம் ஓடிய டயரோடு வருவார். ஒருவருக்குத் தந்தையின் பட்டறை, இன்னொருவருக்கு மாதத்தவணை. எந்த ஈயத் தகடும் இவற்றைச் சரிசெய்யாது. சரிசெய்வதாக நடிக்கவும் கூடாது. பத்தாவதாக முடித்தவர் தம் நேரத்தாளைப் பார்த்து, இழந்த வினாடிகளில் எவை காருடையவை, எவை தம்முடையவை என்று பிரித்தறிய முடிய வேண்டும். அது முடிந்தால் அவர் கணக்குப் பார்த்து, டயர் வாங்கக் காசு சேர்த்து, அடுத்த மாதமும் வருவார். தொடக்க வரிசையில் கார்கள் குறையாமல் நிற்கும் கிளப்பே தன் விதியைச் சரியாக எழுதிய கிளப்.