சிங்கப்பூர் ஆறும் எங்கள் பிங்கா ஓயாவும்

எங்கள் கல்யாணம் முடிந்து முப்பத்திரண்டு வருடங்களாகின்றன. இத்தனை காலத்தில் நானும் அவரும் தனியாக எங்கும் போனதில்லை. போனதெல்லாம் கல்யாண வீடு, மையித்து வீடு, ஆஸ்பத்திரி. உம்ராவுக்குப் போனதும் குழுவோடுதான். அதனால், "உம்மா, வாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஐந்து நாள் சிங்கப்பூர் போய் வாருங்கள்" என்று மகன் டிக்கெட்டை நீட்டியபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இந்த வயதில் ஊர் சுற்றப் போகிறார்களாம் என்று நாலு பேர் சொல்ல மாட்டார்களா?

மகன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அக்குறணையை அறிந்த சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் ஏ9 பாதையின் இருபுறமும் எங்கள் கடைவீதி. அதை ஒட்டியே பிங்கா ஓயா ஓடுகிறது. பெருமழை பெய்தால் ஓயா பாதைக்கு ஏறும். பாதையிலிருந்து கடைகளுக்குள் நுழையும். அப்படி ஒரு முறை அவருடைய கடைக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் வந்தது. நனைந்த சாமான்களை வாரிக் கொட்டிய நாளிலிருந்து அவர் பேச்சுக் குறைந்துவிட்டது. "கடையை விற்றுவிடுவோமா?" என்று இரவில் எழுந்து உட்கார்ந்து கேட்பார். அந்த மனபாரம் குறையட்டும் என்றுதான் பிள்ளைகள் சேர்ந்து இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்திய நேரம். ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு தமிழும் அந்நாட்டின் ஆட்சி மொழி. ரயில் நிலையத்தில் எச்சரிக்கைப் பலகையில் தமிழைக் கண்டதும் எனக்கிருந்த பாதிப் பயம் போய்விட்டது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அறை எடுத்தோம். ஹலால் சாப்பாட்டுக்கு அங்கே குறைவில்லை.

இரண்டாம் நாள் தெலுக் ஆயர் வீதிக்குப் போனோம். நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட கட்டடம் அங்கே இருக்கிறது. இன்று சுற்றிலும் வானளாவிய மாடிகள். ஆனால் அந்தக் காலத்தில் அந்த வீதிதான் கடற்கரை. பிற்பாடு கடலை மண்ணிட்டு நிரப்பி நிலமாக்கிவிட்டார்கள். சற்றுத் தள்ளி, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். 1826இல் உருவானது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைத்தான் அங்கே சூலியாக்கள் என்றார்கள். அவர்களில் பலர் வியாபாரிகள். பலர் சிங்கப்பூர் ஆற்றில் படகோட்டிப் பிழைத்தவர்கள். கப்பலில் வந்த சரக்கைப் படகில் ஏற்றி, ஆற்றங்கரைக் கிட்டங்கிகளில் இறக்குவது அவர்கள் தொழில்.

"அந்த ஆற்றையும் பார்த்துவிடுவோம்" என்றார் அவர். நடந்தே போனோம்.

மூன்று கிலோமீட்டர் அளவே நீளமுள்ள சின்ன ஆறு. தண்ணீரில் ஒரு ஷொப்பிங் பேக்கைக்கூடக் காணவில்லை. கரையோர வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு தமிழ்ப் பெரியவரிடம் ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுத்தோம். "இப்போது அழகாய்த்தான் இருக்கிறது. என் சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இந்தப் பாலத்தைக் கடப்போம்" என்றார். எங்களுக்கு நம்பவே முடியவில்லை.

ஆனால் அது உண்மைதான். கரையோரக் குடிசைகளின் கழிவு, தெரு உணவுக் கடைக்காரர்களின் எச்சில், மரக்கறி மொத்தச் சந்தையின் குப்பை, படகுகளின் எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஆறு சாக்கடையாகக் கிடந்தது. 1977 பெப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ, பத்து வருடங்களில் இந்த ஆற்றில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று அதிகாரிகளுக்கு இலக்கு வைத்தார். 1987இல் அந்த வேலை முடிந்தது.

எப்படி முடிந்தது? குடிசைவாசிகளுக்கு அரசாங்க அடுக்குமாடிகளில் வீடு கொடுத்தார்கள். தெருக் கடைக்காரர்களுக்குத் தண்ணீர், வடிகால் வசதியோடு உணவங்காடிகள் கட்டிக் கொடுத்தார்கள். சரக்குப் படகுகளை 1983இல் பாசிர் பாஞ்சாங் கரைக்கு அனுப்பினார்கள். தலைமுறையாகப் பிழைத்த இடத்தைவிட்டுப் போவது அவர்களுக்கு வேதனையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வெறுமனே "போ" என்று விரட்டிவிடாமல், போவதற்கு ஓர் இடமும் காட்டினார்கள்.

அன்று பகல் அப்படியான ஓர் உணவங்காடியில்தான் சாப்பிட்டோம். சாப்பிட்ட தட்டத்தை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது கட்டாயம். வைக்காமல் போனால் அபராதமும் உண்டு. ஹலால் தட்டங்களுக்கு வேறு இடம் வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு நாளும் தன் கோப்பையைத் தூக்காத மனிதர், இரண்டு தட்டங்களையும் அடுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே" என்றார். இதோ, ஊருக்கே சொல்லிவிட்டேன்!

நான்காம் நாள் மாலை மெரினா அணைக்குப் போனோம். 2008இல் திறக்கப்பட்டது. கடல் நீர் உள்ளே வராமல் தடுத்து, ஆற்று நீரைக் குடிநீர்த் தேக்கமாக்கியிருக்கிறார்கள். பெருமழை பெய்யும்போது கடல் தாழ்ந்திருந்தால் ஒன்பது கதவுகள் வழியாக நீரை வெளியே விடுவார்கள். கடல் உயர்ந்திருந்தால் ஏழு பெரிய பம்புகள் நீரை இறைத்துக் கடலில் தள்ளும். தாழ்ந்த பகுதிகளை வெள்ளத்திலிருந்து காப்பதும் அதன் வேலை. அவ்வளவும் செய்த ஊரிலேயே 2010இல் ஓர்ச்சார்ட் ரோட்டுக் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்ததாம். மனிதன் செய்வதற்கும் ஓர் எல்லை உண்டுதானே!

அணைக் கட்டடத்தின் கூரையில் புல் வளர்த்திருக்கிறார்கள். குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் உட்கார்ந்தோம். நெடுநேரம் மௌனமாக இருந்தவர், "கதவு ஒன்பதும் பம்பு ஏழும் நம்மால் ஆகாது. ஆனால் ஓயாவில் குப்பை கொட்டாமலிருக்கப் பணம் தேவையில்லையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று இந்த இடத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைக்குள் வெள்ளம் வந்து வடிந்தபோது, சேற்றோடு முடிச்சுப் போட்ட ஷொப்பிங் பேக்குகளும் ராக்கையடியில் சிக்கிக் கிடந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே எறிந்தார். அந்த முடிச்சைப் பார்த்ததும் என் கை எனக்கு நினைவு வந்தது. வீட்டில் விருந்து முடிந்தால் மீந்ததையும் கோழிக் கழிவையும் பேக்கில் கட்டி, "ஓயாப் பக்கம் போட்டுவிடு" என்று நானும்தானே கொடுத்தனுப்பியிருக்கிறேன்! என் உம்மும்மா வுளூச் செய்த ஓயா அது. அன்று கடையில் அவரிடம் நான் வாய் திறக்கவில்லை. அந்தப் புல்வெளியில்தான் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "கடைவீதியிலிருந்து நாங்களும் கொட்டினோம்தான். கரையை நெருக்கிக் கட்டடமும் கட்டினோம்" என்றார். முப்பத்திரண்டு வருடங்களில் இவ்வளவு மனம்விட்டு நாங்கள் பேசியதில்லை.

மழை அல்லாஹ்வின் நாட்டம். 2025 நவம்பரில் டித்வா புயல் மழை கண்டி மாவட்டத்தையே உலுக்கியதை நாம் பார்த்தோம். அதற்கு முன் எந்த ஊரும் தாக்குப்பிடிக்காது. ஆனால் சாதாரண மழைக்கும் ஓயா பெருகுவதில் நம் கையின் பங்கு உண்டு.

கடையை விற்கும் பேச்சு இப்போது இல்லை. கீழ்த் தட்டுகளைக் காலியாக்கிச் சாமான்களை உயரத்தில் அடுக்கியிருக்கிறார். நான் சமையல் கழிவுக்கு வாழையடியில் ஒரு குழி வெட்டுவித்தேன். பொலித்தீனைத் தனியே சேர்த்து, குப்பை வண்டி வரும் நாளில் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டுத் தாத்தாவும் தன் வளவில் ஒரு குழி வெட்டிவிட்டார். அடுத்த வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சிங்கப்பூரிலிருந்து என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்கும் சகோதரிகளுக்கு: பேரப் பிள்ளைகளுக்குச் சொக்லட், மருமகளுக்கு ஒரு ஸ்கார்ஃப். எனக்கென்று கொண்டுவந்தது, ஒரு ஷொப்பிங் பேக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் வரும் அந்த ஆற்றின் நினைவுதான்.