தீக்கும் மரத்துக்கும் நடுவே

நம் விமர்சனக் கட்டுரைகளில் 'உருவம்' என்ற சொல் புழங்கும் சுலபத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். உருவம் கைகூடியிருக்கிறது, உருவம் சிதறிவிட்டது, உள்ளடக்கம் உருவத்தை மீறி வழிகிறது என்கிறோம். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் எழுத்தைத் தவிர வேறெதையும் கையால் செய்து பார்த்தவர்கள் அல்ல. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. செய்கிறவனுக்கு உருவம் வேறு பக்கத்திலிருந்து தெரிகிறது என்று மட்டும் சொல்ல வருகிறேன். நாகர்கோவிலில் முப்பது வருஷமாக மின் சாதனங்களைப் பழுது பார்ப்பதும் ஹோட்டல்களுக்கு அடுப்புகள் செய்து கொடுப்பதும் என் பிழைப்பு. எழுதுவது இரவில். இரண்டையும் நான் கலந்ததில்லை. இந்த ஒரு தடவை கலக்கிறேன்.

ஆலப்புழையில் ஒரு படகு வீட்டுக்கு மின்சார க்ரில் பெட்டி செய்து பொருத்தும் வேலை 2022-ல் வந்தது. அங்குள்ள படகு வீடுகள் பழைய கெட்டுவள்ளங்களின் வழி வந்தவை. கெட்டு என்றால் கட்டு. அயினிப் பலகைகளை ஆணியில்லாமல் கயிற்றால் தைத்துச் சேர்த்த வள்ளம். இடுக்குகளில் தேங்காய் நார் அடைத்து, முந்திரிக்கொட்டைத் தோட்டைக் காய்ச்சி எடுக்கும் கறுப்பு எண்ணெயைப் பூசுவார்கள். குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குக் கொண்டுபோன இந்த வள்ளங்கள், சாலையும் லாரியும் வந்தபின் வேலையிழந்து கிடந்தன. 1990-களின் தொடக்கத்தில் சிலர் இவற்றின் மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை போட்டு, அறைகள் தடுத்து, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். இன்று நெல்லுக்குப் பதில் ஏர்கண்டிஷனர்களைச் சுமந்துகொண்டு வேம்பநாட்டுக் காயலில் நகர்கின்றன.

நம் புதுக்கவிதையிலும் படகு நிறைய வந்திருக்கிறது. தனிமைக்கு, மரணத்துக்கு, கரை சேராத காதலுக்கு. ஆனால் வள்ளத்தின் அடியில் தேங்கும் நீரை நாள்தோறும் இறைத்தாக வேண்டும் என்ற விஷயம் எந்தக் கவிதைப் படகிலும் எனக்குத் தட்டுப்பட்டதில்லை. நான் முதலில் பார்த்தது அந்த அடித்தட்டைத்தான். காரணம் காஸ். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் ஜன்னல் கதவு வழியே கொஞ்சமாவது வெளியேறும். படகில் கசிந்தால் கீழே இறங்கி அடித்தட்டில் நீரோடு நீராகத் தங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். 2020 ஜனவரியில் பாதிராமணல் தீவருகே ஒரு படகு வீடு எரிந்தது. பயணிகள் உயிர் பிழைத்தார்கள். மேலே மூங்கிலும் பாயும், கீழே எண்ணெய் குடித்த பலகையும் உள்ள இடத்தில் தீக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை.

உரிமையாளருக்கு இதெல்லாம் காரணமல்ல. விருந்தினர்கள் கரிமீன் சுடுவதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறார்கள், கரி அடுப்பு வைக்க முடியாது, ஆகவே மின்சாரம். அவர் கேட்டது பளபளக்கும் ஒரு பெட்டி.

மின்சாரத்தில் சுடுவது பெரிய வித்தை இல்லை. 1906-ல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். செந்தணலாகச் சிவந்தும் சீக்கிரத்தில் துருப்பிடித்து அறுந்துபோகாத கம்பி. இன்றைய எலிமெண்ட் என்பது அந்தக் கம்பியைச் சுருளாக்கி, மெக்னீசியம் ஆக்ஸைடு மாவுக்கு நடுவே வைத்து, மேலே ஓர் உலோகக் குழாயை இறுக்கியது. மாவு சூட்டை வெளியே விடும், மின்சாரத்தை விடாது. 1,000 வாட் எலிமெண்ட் இரண்டு வைத்தேன். 230 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. பேட்டரியில் ஓட்டலாமே என்றார் ஒரு நண்பர். 12 வோல்ட்டில் இதே சூட்டுக்கு 160 ஆம்பியருக்கு மேல் வேண்டும். வடமாகத் தடித்த ஒயர் வேண்டும். படகில் ஏற்கெனவே ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் ஏர்கண்டிஷனர் கிளம்பும் நொடியில் அது இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. ஆகவே க்ரில்லும் அதுவும் ஒரே நேரத்தில் இயங்காதபடி ஒரு சுவிட்ச். மீன் வலைக்காரர்களுக்கு வழிவிட்டு மாலை ஐந்தரைக்குப் படகைக் கட்டிவிடுகிறார்கள். சாப்பாடு முடிந்தபின் குளிர்சாதனம் என்பதில் யாருக்கும் கஷ்டமில்லை.

பெட்டியின் வெளிப்புறம் 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட். உட்புறம் 316 தர எஸ்.எஸ். தகடு. 304 மலிவு; ஆனால் காயலின் உப்பு போதாதென்று மசாலாவின் உப்பும் எலுமிச்சையும் சேர்ந்து அதில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழ வைக்கும். 316-ல் கலந்திருக்கும் மாலிப்டினம் அதைத் தாங்கும். எலிமெண்டுக்குக் கீழே நீர் நிறைத்த தட்டு. வடியும் கொழுப்பு தீப்பிடிக்காமல் நீரில் விழும். மூடியைச் சாத்தினால் மின்சாரம் தானே அறுபடும்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பாகங்கள். பெட்டியைப் பெட்டியாக்குவது தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் இரண்டு அங்குலம். ஓர் அங்குலம் ராக்வுல், ஓர் அங்குலம் வெறும் காற்று. கீழே துளைகள், மேலே துளைகள். சூடான காற்று மேலே போக, குளிர்ந்த காற்று கீழிருந்து வரும். இது இல்லாவிட்டால் முதல் நாள் ஒன்றும் ஆகாது. முதல் வருஷம்கூட ஒன்றும் ஆகாமல் போகலாம். தினமும் சூடு குடிக்கும் மரம் உள்ளுக்குள் கருகிக்கொண்டே வரும். கருகக் கருக, தீப்பற்றத் தேவையான சூடும் குறைந்துகொண்டே வரும். பிறகு ஒருநாள், வழக்கமான சமையலின்போது, வழக்கமான சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். உரிமையாளர் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, "இத்தனை இடம் வேஸ்ட்தானே, உள்ளே இன்னும் இரண்டு மீன் வைக்கலாமே" என்றார்.

பெட்டியை வள்ளத்தில் பொருத்த வந்தபோது வயதான ஆசாரி ஒருவர் என் கையிலிருந்த டிரில்லைப் பார்த்தார். பலகையைத் தொடக்கூடாது என்றார். தைத்த வள்ளம் நீரில் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். விறைப்பான ஒன்றை இரண்டு பக்கமும் முடுக்கினால் தையல் அந்த இடத்தில் தேயும். அவர் சொன்னபடி உள்ளே குறுக்காக ஓடும் சட்டம் ஒன்றில் மட்டும் போல்ட் முடுக்கி, மறுபக்கத்தை ரப்பரின் மேல் உட்கார வைத்தேன். தண்ணீர்த் தொட்டி இடப்பக்கம் இருந்ததால் பெட்டி வலப்பக்கம் போனது. படகு சாயாமல் நின்றது.

இனி எதற்காக இந்தக் கட்டுரையோ அந்த விஷயம். டிரிப்பர் என்று நாம் சொல்லும் சாதனம், போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில், உதாரணமாக ஒரு மனித உடல் வழியாக, ஒழுகினால் நொடியின் பத்தில் மூன்று பங்குக்குள் அறுத்துவிடும். ஆனால் சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் கம்பி எதோடும் சேராமல் அந்தரத்தில் இருக்கும். அப்போது ஒயர் நைந்து தகட்டைத் தொட்டாலும் மின்சாரம் திரும்ப வழி இல்லாததால் டிரிப்பர் சும்மா இருக்கும். முதல் பழுது யாருக்கும் தெரியாமல் உள்ளேயே கிடக்கும். இரண்டாவது பழுது வரும் நாளில் நடுவில் ஒரு மனிதன் நிற்கக்கூடும். இதற்கு நியூட்ரலை ஜெனரேட்டரில் ஓரிடத்தில் மட்டும் அதன் உடம்போடும் எர்த்தோடும் சேர்க்க வேண்டும். துறையில் கரை மின்சாரம் எடுக்கும்போது அந்தச் சேர்ப்பு கரையிலேயே இருப்பதால், மாற்றும் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதைச் செய்ய ஒரு நாள் கூடுதலாக ஆயிற்று. அந்த ஒரு நாளின் அடையாளம் எதுவும் வெளியே தெரியாது.

மறு வருஷம் ஜூன் மழையில் உரிமையாளர் போன் செய்தார். இரண்டு மாதம் மூடிக் கிடந்த க்ரில்லைப் போட்டால் டிரிப்பர் விழுகிறது. உங்கள் பெட்டி சரியில்லை. உள்ளூர் எலக்ட்ரீஷியன் டிரிப்பரை விட்டுவிட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்கிறார். நான் வரும்வரை தொடாதீர்கள் என்று சொல்லி ரயில் ஏறினேன். பெட்டி சரியாகவே இருந்தது. மெக்னீசியம் மாவுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஓய்ந்து கிடந்த நாட்களில் எலிமெண்டின் முனை வழியாகக் காயலின் ஈரம் உள்ளே போயிருந்தது. மெக்கரில் பார்த்தால் லட்சக்கணக்கில் காட்ட வேண்டிய ஓம் சில ஆயிரத்துக்கு இறங்கியிருந்தது. டிரிப்பர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

எனக்கு வியப்பாக இருந்தது உரிமையாளரின் பேச்சு அல்ல. "விருந்தினர்கள் யாரும் பெட்டியைத் தொடப்போவதில்லையே" என்று அவர் சொன்னதில் அவருக்குரிய நியாயம் இருந்தது. சமையல்காரரும் அதையேதான் கேட்டார். ஐம்பது வயதுக் குட்டநாட்டுக்காரர். "நேரா கொடுத்துடுங்க அண்ணாச்சி. மீன் லேட்டானா ஏச்சு எனக்குத்தான்." வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்றுகொண்டு சொன்னார். யாருக்காக அந்த ஒரு நாள் செலவானதோ அவரே அதை எடுத்துவிடச் சொல்கிறார். அவருக்கு அன்றைய ஏச்சு நிச்சயம், சாவு நிச்சயமில்லை. இந்தக் கணக்கைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சேட்டா, இது விழாம இருந்தா அந்தக் கரண்ட் எங்கே போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். அவர் பெட்டியைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எலிமெண்டுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு இருவரும் பக்கத்துப் பேக்கரிக்குப் போனோம். பேக்கரி அடுப்பை அங்கே போர்மா என்கிறார்கள். ரொட்டி எடுத்தபின் மிஞ்சும் மிதமான சூட்டில் இரவு முழுக்க வைத்தோம். காலையில் மெக்கர் முள் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறியது. முனைகளைச் சிலிக்கோன் வைத்து அடைத்தேன். டிரிப்பரில் உள்ள சோதனைப் பொத்தானைத் தினமும் காலையில் அழுத்திப் பார்க்க அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். உரிமையாளரிடம், நேராக இணைப்பதானால் பெட்டியை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். இணைக்கவில்லை. எனக்கு வரவேண்டிய பாக்கியும் வரவில்லை.

உருவம் என்பதைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். ஒன்றை ஒன்று எரித்துவிடக்கூடிய இரண்டை ஒரே கூட்டுக்குள் அருகருகே வைத்திருக்க ஆகும் ஏற்பாட்டை நான் உருவம் என்கிறேன். அதில் பெரும்பகுதி பார்வைக்கு வராது. பார்க்கிறவர்களுக்கு வீணான இடமாகவும், உபயோகிக்கிறவர்களுக்குச் சமயத்தில் இடைஞ்சலாகவும் படும். ஒரு கவிதையைச் சுருக்கச் சொல்லும்போதும், ஒரு நாவலில் 'தொய்வு' என்று நாம் விரல் வைக்கும்போதும், அந்த இடம் எதை எதிலிருந்து தள்ளி வைத்திருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். வெறும் தொய்வாகவும் இருக்கலாம். அதைக் கேட்காமல் தெரிந்துகொள்ள முடியாது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் இப்போது உரிமையாளர் போன் செய்வதில்லை. சமையல்காரர் செய்கிறார். "அண்ணாச்சி, போர்மாவில் வைக்கட்டுமா?" என்று கேட்கிறார். வையுங்கள் என்கிறேன்.