காய்ச்சல் விட்ட பிறகு

கரும்பு விளையும் எங்கள் மோகனூர்ப் பகுதியில் செவ்வழுகல் என்ற சொல்லைக் கேட்டாலே உழவர் முகம் வாடிவிடும். தோகை காய்ந்த கரும்பை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே சிவந்திருக்கும். புளித்த வாடை வீசும். பூஞ்சை பயிரை அழிப்பதை எல்லாரும் அறிவர். ஆனால் தாக்கப்பட்ட செடி, கிருமி நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள தன் செல்களைத் தானே மடியச்செய்து, பகையை அங்கேயே நிறுத்த முயல்வதும் உண்டு. நம் உடலிலும் அத்தகைய ஏற்பாடு இருக்கிறது. அது எல்லை மீறும்போது நேர்வதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், செடிகளிடம் பாடம் படித்துவிட்டு மனிதரிடம் வந்தவர்.

திருமலாதேவி கன்னெகண்டி, நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்ற தெலங்கானாவின் கொத்தகூடத்தைச் சேர்ந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். அங்கே அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்று உருளைக்கிழங்கின் கருகல் நோய். 1845-இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் ஆழ்த்திய அதே நோய். அக்கிருமியின் இரு புரதங்கள் ஒன்றுசேரும்போது செடியின் செல்கள் மிகுதியாக மடிகின்றன என்று 2006-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதினர். 2007-இல் மெம்பிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆய்வு மருத்துவமனையில் சேர்ந்தார். (நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ், புனித யூதா ததேயுவுக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்ற 1962-இல் திறந்த மருத்துவமனை அது. நம் மக்கள் நேர்ச்சையாக மெழுகுதிரி கொண்டுவருகிறார்கள். அந்த மனிதர் ஒரு மருத்துவமனையையே கொண்டுவந்தார்!)

2021 மே மாதம் எங்கள் பங்கில் நாற்பத்தாறு வயதினர் ஒருவர் கொரோனாவால் இறந்தார். காய்ச்சல் விட்டிருந்தது, மனைவி தலைக்கு ஊற்றிவிட்டார். மறுநாளே மூச்சுத் திணறல். "இட்லி கேட்டுச் சாப்பிட்டாருங்க சாமி. காய்ச்சல் விட்ட பிறகு எப்படிங்க மூச்சு முட்டும்? நான் ஊத்துன தண்ணிதானுங்களா?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். மாமியார் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று முதல் மருமகள் கையால் ஒரு வாய்க் காப்பியும் வாங்கிக் குடிப்பதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் கன்னெகண்டியின் ஆய்வைப் படித்தேன். கிருமியைக் கண்ட எதிர்ப்புச் செல்கள், சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களைத் தூதாக அனுப்புகின்றன. பெறும் செல்லின் மேற்பரப்பில் அந்தந்தத் தூதுக்கு உரிய ஏற்பி உண்டு. தூது அதில் பொருந்தியதும் கட்டளை உள்ளே கைமாறிக் கைமாறி மரபணுக்கள்வரை செல்கிறது. கொரோனா நோயாளிகளிடம் மிகுந்திருந்த தூதுகளை அவர் குழுவினர் ஒவ்வொன்றாகச் செல்களின்மேல் இட்டுப் பார்த்தனர். தனித்து எதுவும் கொல்லவில்லை. டி.என்.எஃப்., இன்டர்ஃபெரான்-காமா ஆகிய இரண்டும் சேர்ந்தபோதே செல்கள் மடிந்தன. மடிந்த செல்களிலிருந்து சிந்துபவை மேலும் தூதுகளை எழுப்ப, அழற்சி சுற்றிச் சுற்றி வளர்கிறது. அவ்விரண்டையும் தடுத்தபோது தொற்றுக்குள்ளான எலிகள் பல பிழைத்தன. 2021 ஜனவரியில் 'செல்' என்ற ஆய்விதழில் இது அச்சேறியது.

முதல் வாரம் கிருமியின் காலம் என்றால், பலருக்கு இரண்டாம் வாரம் இந்தத் தூதுகளின் காலம். கிருமி குறைந்து, காய்ச்சலும் தணிந்த பின்னும் நுரையீரலில் போர் ஓய்வதில்லை. தலைக்கு ஊற்றிய நீருக்கு இதில் பங்கே இல்லை. ஓராண்டு நினைவுத் திருப்பலிக்குப் பின் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதை மாமியார் கேட்க விளக்கினேன். மூதாட்டி ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து மருமகள் நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டார்.

எலியிடம் பலித்தது மனிதரிடம் அப்படியே பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. டி.என்.எஃப்.-ஐ மட்டும் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப் மருந்தைக் கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. குணமாகும் நாட்கள் தெளிவாகக் குறையவில்லை; ஆனால் 28 நாட்களுக்குள் இறந்தோர், மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 14.5, பெற்றவர்களில் 10.1. முடக்குவாதத்துக்கும் பயன்படும் இம்மருந்தைத் தருமுன், உடலில் காசநோய் உறங்கிக்கிடக்கிறதா என்று மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். நுரையீரலில் காசக் கிருமியை அடைத்துவைத்துக் காவல் காப்பதும் இதே டி.என்.எஃப்.தான்.