ஸ்பேடு: சில குறிப்புகள்

மண் தோண்டும் கருவியைக் குறிக்கும் ஸ்பேடு என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் மண்ணுக்கும் ஆதியில் தொடர்பே இல்லை. அதன் வேரில் இருப்பது தட்டையான, அகலமான அலகு. அதுவும் பெரும்பாலும் மரத்தாலானது. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்படு’. கிரேக்கத்தில் அதன் உறவுச் சொல் ‘ஸ்பாதே’. தறியில் ஊடை நூலை அடித்து நெருக்கும் மரப்பலகைக்கும் கிரேக்கர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தார்கள், வாளின் அலகுக்கும் அதைத்தான்.

இடைக்கால இங்கிலாந்தின் ஸ்பேடும் முழு இரும்பு அல்ல. மரப்பலகை, அதன் விளிம்புக்கு மட்டும் இரும்புப் பூண். இரும்பு விலை அப்படி.

*

லத்தீனுக்குப் போனபோது ‘ஸ்பாதா’ ஆயிற்று. ரோமானியக் குதிரைப்படையின் நீண்ட வாள். அது ஸ்பானிய மொழியில் எஸ்பாதா, பிரெஞ்சில் எப்பே. ஒலிம்பிக் வாள்சண்டையில் எப்பே என்று ஒரு பிரிவு இருக்கிறதே, அது ஸ்பேடின் ஒன்றுவிட்ட சகோதரன்.

சின்ன ஸ்பாதாவுக்கு ‘ஸ்பாட்டுலா’. தோசைத் திருப்பியை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். தோள் எலும்பு தட்டையாக இருப்பதால் லத்தீனில் அதற்கும் அதே பெயர் போனது. பிரெஞ்சில் தேய்ந்து தோளுக்கே பெயராயிற்று. காவல் அதிகாரியின் தோளில் நட்சத்திரம் பதித்த எபாலெட் அங்கிருந்து வந்தது. நாமும் தோள்பட்டை என்றுதான் சொல்கிறோம். தட்டை என்பது எல்லோர் கண்ணிலும் படும்போலிருக்கிறது.

பெண் தெருநாய்களுக்குச் செய்யும் கருத்தடைக்கு ‘ஸ்பே’ என்கிறார்கள் அல்லவா, அதுவும் இந்தக் குடும்பம்தான். பழைய பிரெஞ்சில் வாளால் வெட்டுவது என்று பொருள்.

*

தென்னம்பாளையைத் தாவரவியலார் ‘ஸ்பேத்’ என்பார்கள். பூங்கொத்தை மூடியிருக்கும் அந்த அகன்ற மடலைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டாம். நர்சரிகளில் பீஸ் லில்லி என்று விற்கும் செடியின் முறையான பெயர் ஸ்பாத்திஃபில்லம். ஒரே வெள்ளை இதழ்போல் தெரிவது பூவிதழ் அல்ல, அதன் பாளை.

*

சீட்டுக்கட்டுக்கு வருவோம். இஸ்பேட் என்றால் மண் தோண்டும் கருவி என்றுதான் ஆங்கிலேயர்களிலேயே பலர் நினைக்கிறார்கள். இல்லை. இத்தாலிய, ஸ்பானியக் கட்டுகளில் இருந்த நான்கு இனங்களில் ஒன்று வாள். அதன் பெயர் ‘ஸ்பாதே’, ‘எஸ்பாதாஸ்’. ஆங்கிலேயர் படத்தைப் பிரான்சிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அங்கே அந்தக் கறுப்புக் குறிக்கு ஈட்டி என்று பெயர். தங்களுக்கு முன்பே பழகியிருந்த வாளின் பெயரை அந்த ஈட்டிப் படத்தின்மேல் ஒட்டிவிட்டார்கள்.

கிளாவரிலும் இதே குளறுபடி. படத்தில் இருப்பது மூன்றிலைக் கொத்து. ஆங்கிலப் பெயரோ தடி. ஸ்பானியக் கட்டில் அந்த இடத்தில் நிஜமாகவே தடி இருந்தது.

இலங்கைத் தமிழர் 304 என்ற சீட்டாட்டம் ஆடும்போது இஸ்பேடை ‘இஸ்கோப்பன்’ என்பார்கள். அது ஆங்கிலேயர் கொடுத்ததல்ல, டச்சுக்காரர் விட்டுச் சென்றது. 1658-இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, 1795 வரை இருந்தார்கள். ‘ஸ்கோப்’ என்றால் டச்சில் மண் அள்ளும் கருவி. ஆங்கிலேயன் கையில் வாளாக இருந்தது, யாழ்ப்பாணத்துச் சீட்டில் உண்மையிலேயே தோட்டக் கருவி!

*

இஸ்பேட் ஆஸுக்கு மட்டும் ஏன் அவ்வளவு அலங்காரம்? வரி. இங்கிலாந்தில் ராணி ஆன் காலத்தில், 1711-இல், சீட்டுக்கட்டுக்கு வரி உயர்ந்தது. பிறகு வரி கட்டியதற்கு அடையாளமாக இஸ்பேட் ஆஸில் முத்திரை குத்தினார்கள். 1765 முதல் அந்த ஒரு சீட்டை மட்டும் முத்திரை அலுவலகமே அச்சடித்துக் கொடுத்தது. மற்ற ஐம்பத்தொன்றும் உற்பத்தியாளர் பாடு. அதைக் கள்ளத்தனமாக அச்சடித்த ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805-இல் தூக்கிலிட்டார்கள். ஒரு சீட்டுக்கு ஓர் உயிர். வரியை ஒரேயடியாக எடுத்தது 1960-இல்தான். அலங்காரம் மட்டும் இன்னும் போகவில்லை.

*

ஒளிவுமறைவின்றிப் பேசுவதற்கு ஆங்கிலத்தில், ஸ்பேடை ஸ்பேடு என்றே சொல்வது என்று ஒரு வழக்கு. நேர்மைக்குப் பெயர்போன இந்தத் தொடரே ஒரு பிழையில் பிறந்தது என்பதுதான் எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த விஷயம்.

கதை பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கில் இருக்கிறது. ஒலிந்தஸ் நகரத்தை மாசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப்புக்குக் காட்டிக்கொடுத்த லஸ்தேனஸின் ஆட்கள், உங்கள் மக்கள் எங்களைத் துரோகிகள் என்கிறார்கள் என்று அவனிடமே புகார் சொன்னார்கள். மாசிடோனியர்கள் பட்டிக்காட்டு ஜனங்கள், தொட்டியைத் தொட்டி என்றுதான் சொல்லுவார்கள் என்றான் பிலிப். மறுக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இதைவிடக் குளிர்ந்த பதிலை நான் படித்ததில்லை.

கவனியுங்கள், கிரேக்கத்தில் இருப்பது ‘ஸ்கஃபே’: தொட்டி, மரத்தைக் குடைந்த பாத்திரம், சிறு படகு. மறுமலர்ச்சிக் கால அறிஞர் எராஸ்மஸ் இதை லத்தீனில் எழுதும்போது, தோண்டுவதைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல்லோடு குழப்பிக்கொண்டார் என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். அவர் போட்டது ‘லிகோ’, மண்ணைக் கிளறும் ஒரு கருவி. 1542-இல் நிக்கோலஸ் யூடல் எராஸ்மஸை ஆங்கிலமாக்கியபோது லிகோவுக்கு ஸ்பேடு என்று எழுதினார். அன்றிலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக, ஒரு பொருளை அதன் சரியான பெயரால் அழைக்க வேண்டும் என்பதைத் தவறான பொருளின் பெயரைச் சொல்லியே போதித்து வருகிறார்கள்.

1920-களில் அமெரிக்காவில் ஸ்பேடு என்பது கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லாகவும் ஆயிற்று. அது இஸ்பேடின் கறுப்பு நிறத்திலிருந்து வந்தது. மேற்படித் தொடருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தும் அங்கே பலர் தொடரையே தவிர்க்கிறார்கள். வரலாறு தெரியாததால் என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. காதில் விழும் சொல்லுக்குப் பிறந்த தேதி தெரியாது.

*

அயர்லாந்தில் ஊருக்கு ஒரு வகை ஸ்பேடு. ‘லாய்’ என்ற பழைய வகையில் கால் வைக்க ஒரு பக்கம்தான் இடம் இருக்கும். எனவே எந்தக் காலால் தோண்டுகிறான் என்பது எந்த ஊர்க்காரன் என்பதைக் காட்டிக்கொடுக்கும். வட அயர்லாந்தில் இது மதம் வரை போயிற்று: அவன் வேறு காலால் தோண்டுகிறவன் என்றால், நம் சபையைச் சேர்ந்தவன் அல்ல என்று அர்த்தம்.

*

நம் அகராதிகள் ஸ்பேடுக்கு மண்வெட்டி என்று பொருள் தருகின்றன. இரண்டும் மண்ணைத் தோண்டும், அத்தோடு சரி. மண்வெட்டியை ஓங்கிப் போட்டுத் தன்பக்கம் இழுக்கிறோம். தகடு காம்புக்கு மடங்கி நிற்கும். ஸ்பேடின் தகடு காம்போடு நேராக இருக்கும். மேல்விளிம்பில் பூட்ஸ் காலை வைத்து, உடம்பின் கனத்தால் அழுத்தி, மண்ணைக் கட்டியாகப் பெயர்த்துப் புரட்டுவார்கள். வெறுங்காலுக்கு ஒத்துவராத கருவி. எராஸ்மஸின் லிகோதான், பார்க்கப்போனால், நம் மண்வெட்டிக்குக் கிட்டத்தில் வருகிறது.

வெள்ளைக்காரர்கள் இங்கே வந்தபோது இந்த வேறுபாட்டைக் கவனித்திருக்கிறார்கள். நம் கருவியை ஸ்பேடு என்று சொல்லாமல், மம்மட்டி என்ற நம் பேச்சுச் சொல்லையே ‘மமூட்டி’ என்று எடுத்துக்கொண்டார்கள். 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்குத் தனிப் பதிவு இருக்கிறது; ஸ்பேடு வடிவில் இல்லாதது என்ற விளக்கத்தோடு. இலங்கை ஆங்கிலத்தில் இன்றும் அது புழங்குகிறது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆங்கிலக் கதையில் வரும் தோட்டக்காரன் கையில் மண்வெட்டியைக் கொடுக்காதீர்கள். ஸ்பேடு என்றே எழுதுங்கள், வாசகர்கள் புரிந்துகொள்வார்கள்.