கால் அங்குலத் தோட்டாவும் கடைசிக் கட்டமும்

துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி இந்த வயதில் நான் எழுத உட்கார்ந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். நான் வேட்டைக்காரன் இல்லை. ஆனால் பணியில் இருந்தபோது சில ஆண்டுகள் ஆயுத உரிமப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். உரிமதாரர் பெயர், துப்பாக்கி எண், என்ன 'போர்', எத்தனை தோட்டா வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. பெரும்பாலும் '12 போர்', இல்லாவிட்டால் '.315'. இந்த இரண்டையும் எத்தனை முறை எழுதினேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் ஒரு தோட்டாவைக்கூடக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

கையில் வாங்கிப் பார்த்தது 2024-இல், பென்சில்வேனியாவில். மகள் வீட்டில் நானும் என் மனைவியும் ஐந்து மாதம் தங்கியிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் ஷெட்டின் ஒரு மூலையில் மேஜை போட்டு, மான் வேட்டைக்கான தோட்டாக்களைத் தாமே தயாரித்துக்கொள்வார். அங்கே அது சட்டப்படி நடக்கும் பொழுதுபோக்கு, ஆயிரக்கணக்கானோர் செய்கிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை குற்றம். அங்கே வெள்ளைவால் மான்கள் ஏராளம். உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாவற்றையும் அரசு வரையறுத்திருக்கிறது. பெண்மான் உரிமத்துக்கு 2022 வரை இளஞ்சிவப்பு உறையில் மனு வைத்து, மாவட்டக் கருவூல அதிகாரிக்குத் தபாலில் அனுப்ப வேண்டுமாம். இப்போது கணினி வழியாகி, அந்த உறை போய்விட்டது என்று அவர் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்குப் புரிந்தது.

அவருக்குக் கால் அங்குலத் தோட்டாக்கள் மீது தனிப் பிரியம். குழலின் உள்விட்டம் கால் அங்குலம் என்பதால் அந்தப் பெயர். குண்டின் விட்டம் சரியாகச் சொன்னால் .257 அங்குலம், அதாவது 6.5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. குண்டு ஒன்றுதான், அதன் பின்னால் இருக்கும் பித்தளைக் கூட்டின் அளவு மாறும். கூடு பெரிதானால் மருந்து அதிகம், மருந்து அதிகமானால் வேகம் அதிகம். இந்த வகைத் தோட்டாக்களின் நூற்றாண்டு வரலாறே இதுதான்.

முதலில் 1895-இல் வந்த .25-35 வின்செஸ்டர். 117 கிரெயின் குண்டு, விநாடிக்குச் சுமார் 680 மீட்டர். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் பொற்கொல்லர்களின் குன்றிமணி ஒன்று கிட்டத்தட்ட இரண்டு கிரெயின் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் மனத்தில் நிற்கும். அடுத்து 1915-இல் சார்லஸ் நியூட்டன் வடிவமைத்த .250 சாவேஜ். நியூட்டன் 100 கிரெயின் குண்டைத்தான் விரும்பினார். கம்பெனியோ விநாடிக்கு 3,000 அடி என்று விளம்பரம் செய்ய ஆசைப்பட்டு, குண்டை 87 கிரெயினுக்குக் குறைத்தது. தோட்டாவின் பெயரையே '250-3000' என்று வைத்தார்கள். 3,000 அடி என்பது விநாடிக்கு 914 மீட்டர்.

மூன்றாவது .257 ராபர்ட்ஸ். நெட் ராபர்ட்ஸ் என்ற எழுத்தாளர், ஜெர்மானிய 7×57 மௌசர் கூட்டின் கழுத்தைக் குறுக்கி உருவாக்கியதிலிருந்து வந்தது. 1934-இல் ரெமிங்டன் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1955-இல் .243 வின்செஸ்டர் வந்ததும் இதன் மவுசு குறைந்தது. நான்காவது .25-06. ராணுவத்தின் .30-06 கூட்டில் கால் அங்குலக் குண்டைப் பொருத்தியது. 1920 வாக்கிலேயே நீட்னர் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் செய்து பார்த்துவிட்டார். ஆனால் அவ்வளவு பெரிய கூட்டுக்கு ஏற்ற, மெதுவாக எரியும் மருந்து அப்போது இல்லை. இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய பீரங்கி மருந்து 4831 என்ற பெயரில் மலிவாக விற்பனைக்கு வந்த பிறகுதான் அது தலையெடுத்தது. 1969-இல் ரெமிங்டன் அதையும் முறைப்படி ஏற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலே 1944-இல் ராய் வெதர்பி செய்த .257 வெதர்பி மேக்னம். 100 கிரெயின் குண்டு, விநாடிக்குச் சுமார் 1,100 மீட்டர்.

இந்த எண்களைக் கேட்டதும் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது என்று எங்கள் முசியே கரும்பலகையில் எழுதும்போது, எமிலி து ஷாத்லே அம்மையாரின் பெயரைச் சொல்லாமல் விடமாட்டார். வேகம் முக்கியமா, வேகத்தின் வர்க்கம் முக்கியமா என்று ஐரோப்பிய அறிஞர்கள் சண்டை போட்ட காலத்தில், 1740-இல் வெளியிட்ட தம் நூலில் அவர் வர்க்கத்தின் பக்கம் நின்றார். க்ராவசாண்ட் என்ற டச்சு அறிஞர் பித்தளை உருண்டைகளைக் களிமண்ணில் போட்டுப் பார்த்திருந்தார். வேகம் இரண்டு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்கு ஆழம்.

அந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். .25-35-க்குச் சுமார் 1,750 ஜூல். சாவேஜுக்கு 2,350. இப்போதைய 117 கிரெயின் குண்டோடு ராபர்ட்ஸுக்கு 2,700; .25-06-க்கு 3,100. வெதர்பிக்கு 3,900. காகிதத்தில் வெதர்பிதான் ராஜா. வேறொரு கணக்கும் உண்டு. 100 கிரெயின் குண்டை ராபர்ட்ஸில் ஏறத்தாழ 3,000 அடி வேகத்தில் அனுப்பக் கிட்டத்தட்ட 3 கிராம் மருந்து போதும். வெதர்பியில் அதே குண்டுக்கு நாலரை கிராம் வேண்டும். மருந்து ஒன்றரை மடங்கு, வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. சத்தமும் உதையும் குழல் தேய்மானமும் தாராளமாகக் கூடும்.

எதற்கு இந்தக் கணக்கு என்றால், அந்த ஆண்டு பெரியவர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அவருடைய பேத்திக்குப் பன்னிரண்டு வயது முடிந்திருந்தது. அங்கே அந்த வயதில், பயிற்சி வகுப்பில் தேறி, பெரியவர் ஒருவர் துணையோடு வேட்டைக்குப் போகலாம். அவரிடம் மூன்று துப்பாக்கிகள்: ஒரு பழைய சாவேஜ், ஒரு ராபர்ட்ஸ், ஒரு .25-06. எதைக் கொடுப்பது? அவருக்குக் கண் புரை. தராசின் சின்னக் கோடு தெரியவில்லை. செப்டம்பரில் ஒருநாள், நான் தராசைப் படித்து நோட்டில் எழுத முடியுமா என்று கேட்டார். எழுத்தரை எழுதக் கூப்பிட்டால் மாட்டேன் என்றா சொல்வான்?

என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "ஏங்க, மானைச் சாகடிக்கிற கணக்கை நீங்க ஏன் எழுதணும்?" என்றாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. போய் எழுதினேன்.

வேலை முறையைச் சொல்கிறேன். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, 'டை' என்ற அச்சுக்குள் அழுத்தினால் பழைய அளவுக்கு வரும். எரிந்துபோன பிரைமரும் வெளியே விழும். கழுத்து நீண்டிருந்தால் வெட்டிச் சமன்செய்ய வேண்டும். புது பிரைமர் வைத்து, மருந்தை ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தி, மொத்த நீளத்தை அளக்க வேண்டும். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். குண்டு பொருத்துமுன் எல்லாக் கூடுகளுக்குள்ளும் டார்ச் அடித்து மருந்து மட்டத்தைப் பார்ப்பார். கைப்புத்தகத்தில் உச்ச அளவு என்று போட்டிருப்பதற்குப் பத்து சதவீதம் கீழே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். அந்த அளவுகளை நான் இங்கே தரவில்லை. அவை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வேறு. தவறினால் முகத்தருகே வெடிக்கும்.

அவருடைய நோட்டுதான் என்னைக் கவர்ந்தது. தேதி, கூடு எத்தனையாவது முறை, பிரைமர், மருந்து, குண்டு, நீளம் என்று கட்டம் கட்டமாக ஐம்பது வருடக் கணக்கு. பின்பகுதியில் மான்களுக்குத் தனிப் பதிவு. நாற்பதுக்கு மேற்பட்ட வரிகள். எந்தத் தோட்டா, எவ்வளவு தூரம், குண்டு எங்கே பட்டது. கடைசிக் கட்டத்தில் ஓர் எண்: குண்டு பட்ட பிறகு மான் எத்தனை தப்படி ஓடியது. ஒவ்வொன்றையும் நடந்து எண்ணியிருக்கிறார்.

பதிவேட்டைக் கண்டால் என்னால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. தோட்டாவாரியாகப் பிரித்துச் சராசரி எடுத்தேன். சாவேஜ், ராபர்ட்ஸ், .25-06 மூன்றுக்கும் கடைசிக் கட்டத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 'குண்டு எங்கே பட்டது' என்ற கட்டத்தை வைத்துப் பிரித்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. நுரையீரலில் பட்டவை சில தப்படிகளில் விழுந்திருந்தன. கொஞ்சம் பின்னால் பட்டவை தூரம் போயிருந்தன. சுட்ட தூரமோ பெரும்பாலும் நூறு கஜத்துக்குள். அந்தக் காட்டில் அதற்கு மேல் பார்வையே போகாது. 300 கஜத்தில் ராபர்ட்ஸுக்கும் .25-06-க்கும் குண்டு இறங்கும் அளவில் ஓரிரண்டு அங்குலம்தான் வித்தியாசம். நூறு கஜத்தில் அதுவும் இல்லை.

ஒரு வரியில் மட்டும் கடைசிக் கட்டத்தில் எண் இல்லை. 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தது. 1987, வெதர்பி, 380 கஜம், காற்று. அவரே சொன்னார். அந்தத் துப்பாக்கியை வாங்கிய மூன்றாம் வருடம், அறுவடை முடிந்த சோள வயலின் மறுகோடியில் மான் நின்றது. இந்த வேகத்துக்குத் தூரம் ஒரு பொருட்டா என்று சுட்டிருக்கிறார். ரத்தத் தடம் அரை மைல் போயிற்று. இரவில் பனி விழுந்து தடத்தை மூடியது. இரண்டு நாள் தேடினார். தோட்டாவின் மேல் அவர் குறை சொல்லவில்லை. அது சொன்ன வேலையைச் செய்தது, நான்தான் சொல்லக் கூடாததைச் சொன்னேன் என்றார். அடுத்த மாதம் அதை விற்றுவிட்டாராம்.

பேத்திக்கு ராபர்ட்ஸ் என்று முடிவாயிற்று. காரணங்களை வரிசையாகச் சொன்னார். .25-06-இன் சத்தம் புதிதாகச் சுடுபவர்களைக் கண் மூடவைக்கும். கண் மூடினால் குறி தப்பும். சாவேஜின் உதை இன்னும் மென்மைதான். ஆனால் அதன் குழலில் புரி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கனமான குண்டு நிலையாகப் பறக்காது. ராபர்ட்ஸில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால் 115 கிரெயின் குண்டு நேராகப் போகும். உதை, .30-06-இல் கிட்டத்தட்டப் பாதி. குண்டு, ஜான் நாஸ்லர் 1940-களில் கண்டுபிடித்த, நடுவில் தடுப்பு வைத்த வகை. முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். ராபர்ட்ஸ் தோட்டா கடையில் அரிதாகத்தான் கிடைக்கும். தாமே தயாரிப்பவருக்கு அது ஒரு குறையில்லை. உச்ச அளவுக்கு நன்றாகக் கீழேயே மருந்தை நிறுத்தினார். நான் எண்ணைப் படித்தேன், எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு ஒரே நிபந்தனை: நூறு கஜத்துக்கு அப்பால் சுடக் கூடாது.

பருவம் தொடங்குமுன் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். டிசம்பரில் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். மான் படம் இல்லை, நோட்டுப் பக்கத்தின் படம். புதிய வரி, குழந்தைக் கையெழுத்து. ராபர்ட்ஸ், 60 கஜம், நுரையீரல், 19.

மனைவியிடம் காட்டினேன். அந்த 19 என்ன என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு நடந்து எண்ணுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

மான் வேட்டை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் வரிசையில் நிற்கிறவன் நான். அந்த ஆட்டைப் பற்றி யாரும் எந்தக் கட்டத்திலும் எதுவும் எழுதுவதில்லை. எந்தத் தோட்டா சிறந்தது என்று கேட்பவர்களிடம் பெரியவர் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நோட்டின் கடைசிக் கட்டத்தைக் காட்டுகிறார். முப்பத்தைந்து வருடம் பதிவேடு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பார்க்க வேண்டிய கட்டம் அதுதான்.